கேட்குமுன் வைத்த பூ

அந்தக் காலத்தில் மாடு பேசும், முயல் பேசும், முட்செடிகூடப் பேசும். காது கொடுத்துக் கேட்க ஆளிருந்தால் போதும். அயர்லாந்து நாட்டின் மேற்கு ஓரத்தில், கடல் ஓயாமல் பாறையில் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், பச்சைக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் கிலாரா என்ற சிற்றூர் இருந்தது. மொத்தமே ஒன்பது வீடுகள். ஒன்பதும் கல் சுவரும் புல் கூரையும் கொண்டவை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் வாழ்த்துவார்கள்.

குன்றுக்கு உள்ளே வேறொரு குடி வாழ்ந்தது. ஊரார் அவர்களை 'நல்லவர்கள்' என்றுதான் குறிப்பிடுவார்கள். நல்லவர்கள் என்பதால் அல்ல. நாம் பாம்பைப் பெயர் சொல்லாமல் 'நல்லது' என்கிறோமே, அது போலத்தான்.

வருஷத்தில் ஒரே ஒரு மாலை அந்தக் குன்று திறக்கும். ஏப்ரல் முடிந்து மே பிறக்கும் நாளை அந்நாட்டார் பியால்டினா என்பார்கள். குளிர் போய்க் கோடை பிறக்கும் நாள் அது. அதற்கு முந்தின மாலை, சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில், குன்றின் சீமாட்டி வெளியே வருவாள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு கிண்ணம் பாலோ அடுப்பிலிருந்து ஒரு கங்கோ கேட்பாள்.

கொடுத்தால் அதோடு அந்த வீட்டு மாடுகளின் சத்து முழுவதும் போய்விடும். அடுத்த பியால்டினா வரை ஒரு சொட்டு கறக்காது. கொடுக்க மறுத்தாலோ, வாசலில் வந்து கேட்டவரை விரட்டிய பாவம் வந்து சேரும். அந்த வீட்டு அடுப்பில் எந்த விறகும் பற்றாது. இருதலைக் கொள்ளி எறும்பின் கதைதான்.

பால்தானே என்று நினைத்துவிடக் கூடாது. மே மாதத்துக்குள் போன வருஷத்து ஓட்ஸ் எல்லாம் தீர்ந்துவிடும். புதுத் தானியம் வர ஆகஸ்ட் ஆகும். நடுவில் உள்ள மூன்று மாதமும் பாலும் தயிரும் வெண்ணெயும்தான் ஊருக்குச் சாப்பாடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீமாட்டி லோர்க்கான் வீட்டு வாசலில் வந்து நின்றாள். லோர்க்கான் மனைவியை இழந்தவன். நாலு வயது மகள் ஈவினோடு தனியாக இருந்தான். பயந்துபோய் ஒரு கிண்ணம் பாலைக் கொடுத்துவிட்டான். மூன்றாம் நாளே அவனுடைய நாலு மாடுகளும் வற்றிவிட்டன. அக்கம்பக்கத்தார் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். ஆனால் அது எல்லோருக்குமே பஞ்ச வருஷம். ஓட்ஸ் கதிர் பழுப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஈவின் இறந்துபோனாள்.

லோர்க்கானின் எதிர்வீட்டுக்காரி ராத்னாட். ஏழு மாடுகள், இரண்டு பிள்ளைகள், மீன்பிடிக்கப் போகும் ஃபியக்ரா என்ற கணவன், இவ்வளவும் அவளுடைய குடும்பம். அவளுக்குப் பயமே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. பயம் உண்டு. பயந்தாலும் செய்கிற வேலையை அவள் கை நிறுத்தாது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தின் கடைசி நாள். விடியும் நேரத்தில் ராத்னாட் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போனாள். வெண்முதுகி என்ற மூத்த பசுவின் மடியடியில் பழுப்பு முயல் ஒன்று பின்னங்காலில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. ராத்னாட் சத்தம் போடவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து வீசி முயலை அப்படியே மூட்டை கட்டிவிட்டாள்.

"விட்டுவிடு. நான் வெறும் முயல்," என்றது உள்ளேயிருந்து குரல்.

"வெறும் முயல் புல்தான் தின்னும்," என்றாள் ராத்னாட். "யார் அனுப்பினார்கள்?"

முயல் மூட்டைக்குள் இரண்டு தடவை உதறிப் பார்த்தது. பிறகு, இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்ததோ என்னவோ, சொல்லத் தொடங்கியது.

"குன்றுச் சீமாட்டியிடம் எனக்கு வேலை. எல்லாத் தொழுவத்துப் பாலையும் ருசி பார்த்து, எது நல்ல பால் என்று அவளிடம் சொல்ல வேண்டும். இந்த வருஷம் உன் வீட்டுப் பால்தான். இன்று மாலை அவள் உன் வாசலுக்கு வருவாள்."

"நீ போய்ச் சொன்னால்தானே வருவாள். இங்கேயே கிட."

"நேற்றே சொல்லிவிட்டேன். இன்று வந்தது என் சொந்த ஆசைக்கு. அவ்வளவு நல்ல பால்."

ராத்னாட் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். உள்ளே தூங்கும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். பிறகு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுகிறேன். உன் எஜமானியிடம் இல்லாதது என்ன?"

"என்ன இல்லை அவளிடம். வெள்ளித் தட்டு இருக்கிறது. பட்டு இருக்கிறது. ஆயிரம் விளக்கு இருக்கிறது. ஆனால் வெயில் கிடையாது. அங்கே வெள்ளை, நீலம், கறுப்பு எல்லாம் உண்டு. மஞ்சள் மட்டும் இல்லை. அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றில் மஞ்சள் என்ற சொல் வரும். அந்த இடம் வந்ததும் அவள் பாடுவதை நிறுத்திவிடுவாள்."

"மேலே வந்து பறித்துக்கொண்டு போக வேண்டியதுதானே."

"மேலே உள்ள எதையும் அவர்கள் தாங்களாகப் பறிக்க முடியாது. கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் சத்து மட்டும்தான் கூட வரும். நிறம் இங்கேயே நின்றுவிடும். கேட்காமல் அவளுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்?"

ராத்னாட் சால்வையை அவிழ்த்தாள். முயல் ஒரே தாவில் சுவரைத் தாண்டி மறைந்தது.

அதுவரை அசைபோட்டுக்கொண்டிருந்த வெண்முதுகி தலையைத் திருப்பியது.

"ராத்னாட், இந்த நாட்டுச் சட்டம் ஒன்று உண்டு, தெரியும்தானே? வாசலில் வைத்ததை மனமொப்பி எடுத்துக்கொண்டவர் விருந்தாளி. விருந்தாளி அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்யக் கூடாது. மனிதருக்கும் அதுதான் சட்டம், குன்றுக்கும் அதுதான் சட்டம்."

"அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்," என்றாள் ராத்னாட்.

ஃபியக்ரா எழுந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இப்போதே மாடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விடுவோம்," என்றான்.

"மாடு எங்கே போனாலும் அதன் சத்து நம் வாசலில்தான் கட்டியிருக்கிறது. ஓடிப் பயனில்லை. நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பூப் பறிக்கிற வேலை இருக்கிறது."

"பூவா?"

"மஞ்சள் பூ. கொஞ்சநஞ்சம் இல்லை, ஒன்பது வாசலுக்கு."

சொல்வது எளிது. அந்த வருஷம் குளிர் போக மறுத்து நின்ற வருஷம். வழியோரத்தில் பூக்கும் பிரிம்ரோஸ் எல்லாம் உறைபனியில் கருகிக் கிடந்தன. சதுப்பில் பூக்கும் சாமந்தி இன்னும் மொட்டுக்கூட விடவில்லை. ராத்னாட் இரண்டு பெரிய கூடைகளோடு முற்பகல் முழுவதும் அலைந்தாள். கடைசியில் குன்றுச் சரிவில் ஒரே இடத்தில் மஞ்சள் தெரிந்தது. கோர்ஸ் என்னும் முட்புதர் அது. இலையே முள், கிளையே முள். அந்தக் காலத்தில் கோர்ஸ் வருஷத்தில் பத்தே நாள்தான் பூக்கும். அந்தப் பூவுக்குத் தேங்காய்ப்பால் மணம். அந்த ஊரார் தேங்காயைக் கண்டதில்லை. அதனால் அதைக் கோடையின் மணம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ராத்னாட் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"கத்தியை வை," என்றது கோர்ஸ். "யாருக்குப் பூ?"

"குன்றுச் சீமாட்டிக்கு."

"அப்படியானால் கத்தி உதவாது. இரும்பு பட்டதை அவர்கள் தொடமாட்டார்கள். கையால்தான் பறிக்க வேண்டும். என் முள்ளை நான் மடக்கிக்கொள்ள முடியாது. அது என் பிறவிக் குணம்."

"நான் கேட்கவும் இல்லையே," என்றாள் ராத்னாட். கத்தியைத் தூரப் புல்லில் வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

முதல் கூடை பாதி நிறைவதற்குள் இரண்டு கையிலும் ரத்தம் வந்துவிட்டது. இரண்டாம் கூடை நிறையும்போது விரல்கள் மடங்கவில்லை. புதரில் ஒரு பூகூட மிச்சமில்லை.

"இன்று எனக்கு ஏழாவது நாள்," என்றது கோர்ஸ். "இன்னும் மூன்று நாள் பூவையும் நீ கொண்டு போகிறாய். வண்டுகள் வந்து கேட்டால் நான் என்ன சொல்ல?"

"ஊருக்குப் பால் வேண்டியிருந்தது என்று சொல். ரத்தம் வந்த என் கையைப் பார்த்ததையும் சொல்."

ராத்னாட் இரண்டு கூடைகளையும் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

தன் வீடு தப்பினால் போதும் என்று ராத்னாட் நினைத்திருந்தால் ஒரு கூடை பூவே அதிகம். ஆனால் ஒரு வாசலை அடைத்தால் சீமாட்டி அடுத்த வாசலுக்குப் போவாள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான் பேசினாள்.

"சூரியன் விழுமுன் உங்கள் கையாலேயே வாசற்படியில் வையுங்கள். அவள் வாயைத் திறந்து கேட்குமுன் அது அங்கே இருக்க வேண்டும்."

சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் அவள் கையைப் பார்த்தபிறகு மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஏழு வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக எதிர்வீட்டுக்குப் போனாள்.

லோர்க்கான் வாசல்வரை வந்து அவள் சொன்னதை முழுவதும் கேட்டான். பிறகு அவள் நீட்டிய பூவை வாங்கி, அப்படியே சேற்றில் போட்டான்.

"அவளுக்கா பூ? என் பிள்ளை குடிக்க வேண்டிய பாலைக் குடித்தவளுக்கா?" குரலை அவன் உயர்த்தவில்லை. "நீ நல்லவள், ராத்னாட். என் மாடுகள் போனபிறகு நீ கொடுத்த பசுதான் இன்று என் தொழுவத்தில் நிற்கிறது. ஆனால் இதை என்னிடம் கேட்காதே."

"உன் இஷ்டம் அண்ணா," என்றாள் ராத்னாட். கூடையில் மிச்சமிருந்த பூவைக் கொண்டுபோய்த் தன் வாசற்படியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெருக்கமாகப் பரப்பினாள்.

மாலையில் தூறல் விழுந்தது. மேற்கே மேகத்துக்கும் கடலுக்கும் நடுவில் சூரியன் சிவப்பாகத் தெரிந்தது. ஊரில் எல்லாக் கதவும் அரைவாசி திறந்திருந்தன.

சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒரு பெண் குன்றிலிருந்து இறங்கி வந்தாள். பார்ப்பதற்குச் சாதாரணப் பெண்போலத்தான் இருந்தாள். ஆனால் தூறலில் நடந்துவந்தும் அவள் சால்வையில் ஒரு துளி ஈரம் இல்லை. நேராக ராத்னாட்டின் வாசலுக்கு வந்தாள். கேட்பதற்கு வாயெடுத்தவள் படியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது யாருக்கு வைத்தது?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான் அம்மணி."

"நான் இன்னும் எதுவும் கேட்கவில்லையே."

"கேட்டபிறகு கொடுத்தால் அது பிச்சை. கேட்குமுன் கொடுத்தால் விருந்து. எடுத்துக்கொள்ளுங்கள்."

சீமாட்டிக்குச் சட்டம் தெரியும். எடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒரு அடி பின்னால் வைத்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பினாள். ஆனால் கண் மட்டும் திரும்பவில்லை. கடைசியில் குனிந்து ஒரே ஒரு பூவை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பூ வெளுக்கவில்லை. நிறம் அப்படியே இருந்தது.

"என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாய்," என்றாள். குரலில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "இனி உன் வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் வெறுங்கையோடு திரும்ப என்னாலும் முடியாது பெண்ணே. என் குடியும் பாலை நம்பித்தான் இருக்கிறது."

சொல்லிவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் மஞ்சள். ஒரே ஒரு படி மட்டும் வெறும் கல்லாக இருந்தது. அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

லோர்க்கான் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் அடுப்பு இடுக்கி இருந்தது. இரும்பு இடுக்கி. அவன் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே ராத்னாட்டுக்குப் புரிந்துவிட்டது. அவன் அடிக்கப் போகிறான். அடித்தால் லோர்க்கானோடு முடியாது. குன்றுக்கும் ஊருக்கும் பகை பிறக்கும். எந்தப் பிள்ளையும் மிஞ்சாது.

அவளிடம் வேறு பூ இல்லை. குனிந்து தன் வாசற்படியில் கிடந்த பூவை இரண்டு கையாலும் வழித்து சால்வையை முந்தானைபோல் ஏந்தி அதில் அள்ளினாள்.

"படியை வெறுமையாக்காதே," என்று தொழுவத்திலிருந்து வெண்முதுகி கத்தியது. "பூ கிடக்கும் வரைதான் காவலோ என்னவோ, யாருக்குத் தெரியும்?"

ராத்னாட்டுக்கும் தெரியாதுதான். நின்று யோசிக்க நேரமில்லை. தெருவைக் குறுக்கே கடந்து, சீமாட்டியை முந்திக்கொண்டு ஓடி, லோர்க்கானின் முன்னால் போய் நின்றாள்.

"இடுக்கியைக் கீழே வை அண்ணா. இதைப் பிடி."

"நீயே வைத்துவிட்டுப் போ."

"நான் வைத்தால் அது என் விருந்து. உன் வாசலில் நீதான் வைக்க வேண்டும்."

"அவளை மன்னிக்கச் சொல்கிறாயா?"

"இல்லை. மன்னிக்க வேண்டாம். அவள் கேட்பதற்குள் முந்திக்கொள் என்கிறேன். போன தடவை இந்த வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். இந்தத் தடவை நீ சொல்."

லோர்க்கான் அவள் கையைப் பார்த்தான். பூவின் மேல் எல்லாம் அவளுடைய ரத்தம் புள்ளி புள்ளியாகப் பட்டிருந்தது. காலடிச் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. இடுக்கி கல்லின் மேல் விழுந்த சத்தம் கேட்டது. அவன் அதைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பூவை வாங்கி, மண்டியிட்டுப் படியில் வைத்தான். பாதி படியை விட்டுச் சிந்தியது. சிந்தியதையும் பொறுக்கி வைத்தான்.

சீமாட்டி வந்து நின்று வாயைத் திறந்தாள்.

"கேட்காதே," என்றான் லோர்க்கான். "நானே தருகிறேன். எடுத்துக்கொண்டு போ."

"இந்த வாசலுக்கு முன்பு ஒருமுறை வந்திருக்கிறேன்," என்றாள் சீமாட்டி.

"ஆமாம், வந்தாய். அப்போது என் மகளுக்கு நாலு வயது. ஈவின் என்று பெயர். அந்தக் கோடையைத் தாண்டவில்லை."

சீமாட்டி அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சூரியனின் கடைசி விளிம்பும் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாலைத்தான் கொண்டு போனேன் என்று நினைத்திருந்தேன்," என்றாள் கடைசியில். "எங்கள் பக்கம் யாரும் இறப்பதில்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க நான் வரவில்லை."

அவள் குனிந்து, சேற்றில் முதலில் விழுந்து கிடந்த பூவைத் தாண்டி, லோர்க்கான் கையால் வைத்த பூவில் ஒன்றை எடுத்தாள்.

"உங்கள் மாடுகள் கறக்காதா?" என்று ராத்னாட் கேட்டாள். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"மாடு இருக்கிறது. வெயில் காணாத மாடு எப்படிக் கறக்கும்?"

"அப்படியானால் ஒரு பூ போதாது. ஊர் வாசல்களில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போங்கள். தொழுவத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலைக் குடித்து வளர்ந்த பூ இது. அடுத்த வருஷமும் இதே நாளில் வைத்திருப்போம். நீங்கள் கேட்க வேண்டியதில்லை."

"மறந்துவிட்டால்?"

"பிள்ளை பெற்றவர்கள் இதை மறக்கமாட்டார்கள் அம்மணி."

சீமாட்டி முதல் முறையாகச் சிரித்தாள். வாசல் வாசலாகப் போய்ப் பூவை அள்ளிச் சால்வையில் சேர்த்தாள். எந்த வாசலிலும் எதுவும் கேட்கவில்லை. குன்றில் ஏறும்போது சரிவில் மொட்டையாக நின்ற கோர்ஸ் புதரின் பக்கத்தில் நின்றாள்.

"இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டாய்," என்று அதனிடம் சொன்னாள். "இனி உனக்குப் பத்து நாள் என்ற கணக்கு வேண்டாம். எந்த மாதத்திலும் உன் கிளையில் ஒரு பூவாவது இருக்கட்டும்."

மறுநாள் காலையில் ராத்னாட் வாளியோடு தொழுவத்துக்குப் போனாள். விரல்கள் வீங்கியிருந்ததால் ஃபியக்ராதான் கறந்தான். ஏழு மாடுகளும் மடி கனத்து நின்றன. நுரை பொங்கி வாளியின் விளிம்பைத் தொட்டது. எதிர்வீட்டிலும் பால் வாளியில் விழும் சத்தம் கேட்டது. அந்த வருஷம் கிலாராவில் ஆகஸ்ட் வரை எந்தப் பிள்ளையும் பசியோடு படுக்கவில்லை. குன்றின் பக்கம் காதை வைத்துக் கேட்டவர்கள், உள்ளேயும் பால் கறக்கும் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்.

லோர்க்கான் அதன் பிறகும் குன்றை ஏறிட்டுப் பார்த்ததில்லை. சீமாட்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் அவன் உயிரோடு இருந்த வரையில் ஒவ்வொரு வருஷமும், ஊரில் முதன்முதலாகப் பூ வைத்த வாசல் அவனுடைய வாசல்தான்.

அன்று முதல்தான் அயர்லாந்தில் மே பிறக்குமுன், முந்தின மாலையிலேயே, வீட்டார் மஞ்சள் பூவைக் கொண்டுவந்து வாசற்படியில் வைக்கிறார்கள். அன்று முதல்தான் அங்கே பனி மூடிய சரிவிலும் கோர்ஸ் புதர் ஏதாவது ஒரு கிளையில் பூத்து நிற்கிறது.